படிக்காமலே மாதம் ஒரு நாவல்

நாவல் படிக்க வாசகர் வட்டம் எதற்கு? ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு விளக்கு, வீட்டில் மற்றவர்கள் யார் கல்யாணத்துக்காவது போயிருப்பது, இவ்வளவு அமைந்தால் எவரும் படித்துவிடலாம். இத்தனை இருந்தும் ஊர் ஊராக ஆள் சேர்த்து வாட்ஸ்அப்பில் வட்டம் கூட்டுகிறோம் என்றால் அதற்கு வேறு உயர்ந்த நோக்கங்கள் இருக்கின்றன. அந்த நோக்கங்களுக்கு நாவல் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளும் வழிமுறைகளே இங்கே.

ஆள் சேர்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. வாட்ஸ்அப் ஒரு குழுவுக்கு 1,024 பேர் வரை இடம் தருகிறது. நமக்கு அறுபது போதும். ஆறு பேர் பேசுவார்கள், இருபது பேர் கும்பிடு போடுவார்கள், மீதிப்பேர் சேர்ந்த அன்றே குழுவை மியூட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். குழுவுக்கு 'முற்றம்', 'திண்ணை', 'கிணற்றடி' என்று இப்போது உறுப்பினர் யார் வீட்டிலும் இல்லாத ஏதாவது ஓர் இடத்தின் பெயரை வையுங்கள். விதிமுறைகளை முதல் நாளே ஒட்டிவிட வேண்டும்: காலை வணக்கம் கூடாது, அரசியல் கூடாது, ஃபார்வர்டு கூடாது. மூன்றையும் மீறும் முதல் உரிமை அட்மினுக்கு.

இனி நாவல் தேர்வு. இதுதான் வட்டத்தின் உயிர். மாதத்தில் முப்பது நாள் இருக்கிறதென்றால் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். வாட்ஸ்அப் ஓட்டெடுப்பில் 12 பெயர்கள் வரை கொடுக்கலாம். பன்னிரண்டையும் நிரப்புங்கள். இரண்டே இரண்டு பெயரைக் கொடுத்தால் ஜனங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொலைத்துவிடுவார்கள். பன்னிரண்டு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நாலு ஓட்டு விழும், மறுநாள் 'இறுதிச் சுற்று' வைக்கலாம், அதற்கு மறுநாள் 'ஏன் இறுதிச் சுற்றில் ஈழத்து நாவல் ஒன்றுகூட இல்லை' என்று விவாதிக்கலாம்.

பட்டியலில் தடித்த நாவல்கள் அவசியம் இருக்கட்டும். சு. வெங்கடேசனின் காவல் கோட்டம், ஜோ டி குருஸின் கொற்கை, பூமணியின் அஞ்ஞாடி மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. மூன்றும் சாகித்ய அகாதெமி வாங்கியவை. இவற்றைத் தேர்ந்தெடுத்தால் மாதக் கடைசியில் யாரும் தலைகுனிய வேண்டாம். "முந்நூறு பக்கம் வந்திருக்கேன்" என்று சொன்னாலே கைதட்டல் கிடைக்கும். மாறாக, சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல் மாதிரி நூறு பக்கத்துக்குள் அடங்குகிற சமாச்சாரங்களை எவராவது முன்மொழிந்தால் உஷாராகிவிட வேண்டும். ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் புத்தகத்துக்கு என்ன சாக்குச் சொல்வது? வெண்முரசை முன்மொழிகிறவர் எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவரை வாதத்தால் வெல்ல முடியாது, கணக்கால்தான் முடியும். மொத்தம் 26 நாவல்கள். மாதத்துக்கு ஒன்று வீதம் இரண்டு வருஷம் இரண்டு மாதம். அதுவரை இந்தக் குழு இருக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

இவ்வளவு யோசிக்க முடியாதவர்கள் பஞ்சாங்க முறையைக் கையாளலாம். தை பிறந்தால் ஜல்லிக்கட்டு, ஆகவே வாடிவாசல். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை கட்டும் கோடைக்கு அசோகமித்திரனின் தண்ணீர். மார்கழியில் சபாக்களை முன்னிட்டு மோகமுள். மார்ச் மாதம் பெண் எழுத்தாளர்களுக்கு; சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதையோ ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடோ ஒன்றைப் போட்டுவிட்டால் மீதிப் பதினோரு மாதத்துக்கு மனசாட்சி உறுத்தாது. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போய்ப் பார்த்து கரிப்பு மணிகள் எழுதினார் என்றும், அதை ஏன் ஆகஸ்டில் படிக்கக்கூடாது என்றும் ஒரு அம்மாள் கேட்பார். "நல்ல யோசனை மேடம், மார்ச்சில் எடுத்துக்கலாம்" என்று பதில் போடவும்.

ஓட்டெடுப்பில் யார் எதற்குப் போட்டார் என்பது பெயரோடு தெரியும். இதை வசதிக் குறைவாக நினைக்காதீர்கள். வட்டத்தில் கூட்டணி பிறப்பதும் பிளவு பிறப்பதும் இதனால்தான்.

"நான் போன மாசம் உங்க ஜானகிராமனுக்குப் போட்டேன். நீங்க என் சா. கந்தசாமிக்குப் போடலையே?"

"இல்ல சார், சாயாவனம் நான் ஏற்கெனவே படிச்சிட்டேன்."

கவனியுங்கள், 'ஏற்கெனவே படிச்சிட்டேன்' என்பதைவிடக் கூரான ஆயுதம் கிடையாது. எப்போது படித்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் "காலேஜ் நாள்ல" என்று சொல்லவும். காலேஜ் நாளில் படித்த நாவலில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம்.

சரி, நாவல் முடிவாகிவிட்டது. இப்போது மாதத்தில் பதினைந்தாம் தேதி. அடுத்த கேள்வி: "எங்கே கிடைக்கும்?" இதற்கு ஒரு வாரம். கடையில் அச்சில் இல்லை என்பார்கள், நூலகத்தில் எடுத்தவர் திருப்பவில்லை என்பார்கள். நந்தனம் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடிக்கு வாங்கி, மூன்று வருஷமாகப் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறவர் இந்த வாரத்தின் கதாநாயகன். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறையைப் பிரித்து, பக்கத்தில் ஒரு டம்ளர் காபியை வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட வேண்டும். காபியைக் குடித்துவிடலாம்.

இதற்குள் குழுவில் தமிழ் எழுத்தாளன் பட்டினி கிடந்த வரலாறு பற்றி உருக்கமான விவாதம் ஒன்று நடந்து முடிந்திருக்கும். புதுமைப்பித்தனுக்காகக் கண் கலங்கியவர்கள் கலங்கி ஓய்ந்த பின், இரவு பதினோரு மணிக்கு ஒரு பி.டி.எஃப். வந்து விழும். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை போனில் படம் பிடித்தது. சில பக்கங்களில் கட்டைவிரலும் தெரியும். "நன்றி தோழர், ரொம்ப நாளாத் தேடினேன்" என்று முதலில் எழுதுகிறவர் கண் கலங்கியவராகவே இருப்பார். கல்கி, புதுமைப்பித்தன் போன்றோரின் எழுத்தை அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, அவற்றை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் உயிரோடு இருந்து அடுத்த மாத வாடகைக்கு யோசித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவது நம் வட்டங்களின் தனிக் கண்டுபிடிப்பு. அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நாட்டுடைமையால் வேறு ஒரு லாபம் உண்டு. பொன்னியின் செல்வனை எத்தனை பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன! ஒன்றில் ஐந்து பாகமும் ஐந்து புத்தகம், ஒன்றில் எல்லாம் சேர்ந்து தலையணை. ஒருவர் 212ஆம் பக்கம் என்று சொன்னால் அது இன்னொருவர் கையில் இருக்கும் புத்தகத்தில் வேறெங்கோ இருக்கும். கிண்டிலில் படிக்கிறவருக்குப் பல சமயம் பக்கமே கிடையாது, சதவீதம்தான். ஆகவே கூட்டத்தில் துணிந்து பக்க எண் சொல்லுங்கள். "212ஆம் பக்கத்தில் ஒரு இடம் வரும், அங்கே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்" என்றால் எல்லோரும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்தச் சந்தடியில் பேசி முடித்துவிடலாம். மூடி வைத்தது உண்மையாகவும் இருக்கும்.

மாதத்தின் நடுவில் நிலவர அறிக்கைகள் கேட்பார்கள். "ஆரம்பிச்சிட்டேன், உள்ளே இழுக்குது" என்பது முதல் வாரத்துக்கு. அதற்குப் பிறகு எந்தத் தேதியில் யார் கேட்டாலும் "பாதி வரைக்கும் வந்திருக்கேன்" என்று சொல்லவும். கால்வாசி என்றால் ஏன் இன்னும் என்பார்கள். முக்கால்வாசி என்றால் கதையைக் கேட்பார்கள். பாதியில் இருக்கிறவரை ஒரு கேள்வியும் தொடாது. "ஐயோ, மிச்சத்தைச் சொல்லிடாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டு எழுந்துபோகும் உரிமையும் அவருக்கு உண்டு.

கூட்டம் ஞாயிறு மாலை ஏழரைக்கு. அப்போது சிங்கப்பூரில் இரவு பத்து. கோடைக்காலமென்றால் லண்டனில் மதியம் மூன்று, டொரன்டோவில் காலை பத்து. சிட்னியில் நள்ளிரவு. சிட்னிக்காரர் வரமாட்டார், ஆனால் நேரத்தை மாற்றச் சொல்லி ஒவ்வொரு மாதமும் எழுதுவார். ஜூமில் காசு கட்டாமல் கூடினால் 40 நிமிஷத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். பல வட்டங்கள் இதற்காக வருத்தப்படுகின்றன. எனக்குப் புரியவில்லை. நாற்பது நிமிஷத்தை நிரப்ப நாவல் தேவைப்படாது என்பதைக் கீழ்க்கண்ட மாதிரி உரையாடலைக் கொண்டு அறியலாம்:

"சார், நீங்க மியூட்ல இருக்கீங்க."

(வாய் அசைகிறது.)

"சார், கீழே இடது பக்கம் மைக் படம் இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க."

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது சார். ரெண்டு தடவை கேக்குது. வீட்ல இன்னொரு போன்லயும் சேர்ந்திருக்கீங்களா?"

"அது என் மிஸ்ஸஸ்."

"வணக்கம் மேடம்."

(குக்கர் விசில்.)

"எனக்கு இஞ்ச காலமை பத்து மணி. நான் இன்னும் தேத்தண்ணிகூடக் குடிக்கேல்ல. எங்கட நாவல் ஒண்டு எப்ப எடுக்கப் போறியள்? கொரில்லா வந்தே இருபது வருசத்துக்கு மேலாச்சு."

"அடுத்த மாசம் கண்டிப்பா அண்ணா."

"போன மாசமும் இதைத்தான் சொன்னியள்."

இதில் பதினைந்து நிமிஷம் போய்விட்டது. வரவேற்புரை எட்டு. போன கூட்டத்தின் சுருக்கம் ஏழு, அதில் போன கூட்டத்தில் யாரும் படிக்கவில்லை என்ற தகவலை விட்டுவிட வேண்டும். மீதி பத்து நிமிஷத்துக்கு மட்டும் உங்களிடம் சரக்கு இருந்தால் போதும்.

அந்தச் சரக்கு என்ன? சில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "இது வாசகனிடம் நிறைய உழைப்பைக் கோருகிற பிரதி." உண்மை, அதனால்தான் நீங்கள் படிக்கவில்லை. "தரிசனம் இருக்கு, ஆனா வடிவம் கொஞ்சம் தளர்ந்திருக்கு." எந்த நாவலுக்கும் பொருந்தும், ஆட்களுக்கும் பொருந்தும். எல்லாவற்றிலும் உயர்ந்தது இது: "நாவல் சொன்னதைவிட, சொல்லாம விட்ட இடங்கள்தான் எனக்கு முக்கியமாப் பட்டது." படிக்காதவருக்கு நாவல் முழுவதுமே அப்படிப்பட்ட இடம்தான்.

ஒருசில நாவல்களுக்கு இதுவும் வேண்டாம். மோகமுள் என்றால் கும்பகோணத்தையும் டிகிரி காபியையும் எடுத்துவிட்டால் போதும். பாபுவும் யமுனாவும் ரங்கண்ணாவும் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். அம்மா வந்தாள் இன்னும் சுலபம். 1966இல் வந்த நாவல். "ஒரு அம்மா இப்படிச் செய்யலாமா?" என்று ஒரே ஒரு வரி போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போகலாம். திரும்பி வரும்போது இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறியிருப்பார்கள்.

படிக்காமல் பேசுவதில் கூச்சப்படவும் வேண்டாம். 2010இல் வந்த மாதொருபாகனுக்கு 2014 கடைசியில் எழுந்த எதிர்ப்பில், சில பக்கங்களின் நகலை மட்டும் பார்த்துவிட்டுக் கொதித்தவர்கள் ஏராளம். பெருமாள்முருகன் இனி எழுதமாட்டேன் என்று அறிவிக்கும் நிலை வந்து, 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பேனாவுக்குத் திரும்பினார். அப்படிக் கொதித்தவர்களுக்கு முன்னால் நம் வட்டத்துக்காரர்கள் பச்சைப் பிள்ளைகள்.

ஆனால் வழுக்கும் இடங்கள் மூன்று உண்டு. எச்சரிப்பது என் கடமை.

முதலாவது, படம் பார்த்துவிட்டு வருவது. பூமணியின் வெக்கையைப் படிக்காமல் அசுரனை நம்பி வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் விதம் பரிதாபமானது. மாரியம்மாள் செருப்புப் போட்டு நடந்து போகிற காட்சியைப் பற்றி ஒருவர் தொண்டை அடைக்கப் பேசுவார். கேட்கிறவர்களுக்கும் அடைக்கும். அந்த முன்கதையை வெற்றிமாறன் படத்துக்காகச் சேர்த்தார். நாவலில் அது கிடையாது. கொலை செய்துவிட்ட பையனும் அப்பாவும் காடும் மலையுமாகத் தலைமறைந்து திரியும் எட்டு நாட்கள்தான் வெக்கை. ஆகவே படம் பார்த்தவர் பொதுவாக 'அந்த மண்', 'அந்த வெயில்' என்று நிறுத்திக்கொள்வது நல்லது. வெயில் இரண்டிலும் இருக்கிறது.

இரண்டாவது, சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகள். ஜே.ஜே. என்கிற ஜோசப் ஜேம்ஸ் மலையாள எழுத்தாளர். காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5ஆம் தேதி இறந்துபோகிறார். இவ்வளவு துல்லியமாகத் தேதி இருக்கிறதே என்று நம்பி, "ஜே.ஜே.யோட மத்த நாவல்களையும் மலையாளத்துலயே வாசிச்சிருக்கேன்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. சுந்தர ராமசாமி 1981இல் நம்மை மாதிரி ஆட்களுக்காகவே அந்தப் பொறியை வைத்துவிட்டுப் போனாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மூன்றாவது, எண்ணிக்கை. ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணிக்கு முறை வரும்போது, அவருடைய 'ஆரம்பகால நாவல்களோடு' ஒப்பிட்டுப் பேசத் தோன்றும். அவர் எழுதிய நாவல்களே இரண்டு, இன்னொன்று கடலுக்கு அப்பால். மாறாக, "சிங்காரத்தை நான் முழுசாப் படிச்சவன்" என்று சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால் தமிழில் இதைவிட மலிவான வாய்ப்புக் கிடையாது.

இவற்றில் ஏதாவது ஒன்றில் வழுக்கிவிட்டால் பதற வேண்டாம். "அது இருக்கட்டும், ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு?" என்று கேளுங்கள். எந்த நாவலைப் பற்றிய கூட்டமாக இருந்தாலும் சரி, தமிழ் வாசகர் கூடிய இடத்தில் இந்தக் கேள்வி விழுந்தால் வேறு எதுவும் எழுந்து நிற்காது. கல்கி அதைப் பொன்னியின் செல்வனில் கடைசிவரை பூடகமாகவே வைத்துவிட்டுப் போனது நம் வட்டங்களுக்குச் செய்த பேருபகாரம். ஒருவர் உடையார்குடிக் கல்வெட்டை எடுப்பார், இன்னொருவர் அதை வேறு மாதிரி வாசிப்பார், மூன்றாமவர் மணிரத்னம் படத்தில் அந்த இடத்தைச் சொதப்பிவிட்டார் என்பார். நாற்பது நிமிஷம் முடிந்து ஜூம் தானாகக் கதவைச் சாத்தும்.

எழுத்தாளரையே கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அவர் தன் நாவலைப் படித்திருப்பார்.

அவரையாவது அழைக்காமல் இருந்துவிடலாம். உண்மையான ஆபத்து குழுவுக்குள்ளேயே இருக்கிறது: நாவலை முழுசாகப் படித்துவிட்டு வருகிற உறுப்பினர். அவர் ஓட்டெடுப்பில் சண்டை போடமாட்டார், காபிப் படம் போடமாட்டார். ஏதோ ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட ஆசிரியையாகவோ வங்கிக் காசாளராகவோ இருப்பார். கூட்டத்தில் கேமரா அணைந்திருக்கும், வெறும் பெயர் மட்டும் தெரியும். சாயாவனம் எடுத்த மாதத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். காட்டை விலைக்கு வாங்கி, வெட்டியும் கொளுத்தியும் அழித்து, கரும்பாலை வைக்க முனைகிற சிதம்பரத்தின் கதை, 1969இல் வந்தது. ஒருவர் சூழலியல் வாசிப்புப் பற்றிச் சொல்லி முடித்திருப்பார். இன்னொருவர் பருவநிலை மாற்றத்தைத் தொட்டு, ஐக்கிய நாடுகள் சபை வரை போய்த் திரும்பியிருப்பார். "வேற யாராவது?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பார். அப்போது அந்தப் பெயர் இருக்கும் கட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"எனக்கு அந்தப் புளி விஷயம்தான் சார். கடைசியில ஒரு பாட்டி புளி கேக்குறாங்களே. காட்டுல யானை இருந்துச்சு, புலி இருந்துச்சுன்னு யாரும் வருத்தப்படல. கொழம்புக்கு அந்த மரத்துப் புளி மாதிரி வராதுன்னுதான் அவங்க சொல்றாங்க. அந்தாளு எல்லாத்தையும் எரிச்சிட்டான்ல, இனிமே எங்கேருந்து குடுப்பான்? எனக்கு எங்க ஊர்ல நாலு வழிச் சாலைக்கு வெட்டின மரமெல்லாம் ஞாபகம் வந்திருச்சு. அப்புறம் சிதம்பரம் ஒண்ணும் கெட்டவன் இல்ல சார். நல்லா உழைக்கிறான். அதான் பயமா இருக்கு."

இதற்குப் பின் யாராலும் தரிசனம் என்றோ வடிவம் என்றோ பேச முடியாது. ஆதித்த கரிகாலனும் கைகொடுக்கமாட்டார். ஐக்கிய நாடுகள் வரை போனவர் மைக்கை அணைத்துக்கொண்டுவிடுவார். இரண்டு மூன்று பேர் அன்றிரவே புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசிப் பக்கத்தைத் தேடுவார்கள். கடைசிப் பக்கம் புரியவேண்டும் என்றால் முதல் பக்கத்திலிருந்து போகவேண்டியிருக்கிறதே என்று அப்படியே படிக்கவும் உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி ஒரே ஒரு உறுப்பினரால் ஒரு மாதத்தில் மூன்று பேர் கெட்டார்கள் என்றால் வருஷக் கடைசியில் வட்டத்தின் கதி என்ன?

அவரை நீக்க முடியாது, விதிமுறையில் இடமில்லை. புகழ்ந்து பார்த்தும் பயனில்லை, மறுமாதமும் படித்துவிட்டு வருவார். செய்யக்கூடியது ஒன்றுதான்: அவரை அட்மின் ஆக்கிவிடுங்கள். பன்னிரண்டு பெயர் திரட்டி ஓட்டெடுப்பு நடத்தட்டும். இறுதிச் சுற்றில் ஏன் என் நாவல் இல்லை என்கிறவருக்குத் தனிச்செய்தியில் சமாதானம் சொல்லட்டும். வெளியேறிய இருவரைத் திரும்ப அழைத்துவந்து, ஒருவர் வந்ததால் மற்றவர் மறுபடி போவதைப் பார்க்கட்டும். சிட்னிக்கும் டொரன்டோவுக்கும் ஒரே நேரத்தில் பகலாக இருக்கும் ஒரு மணியைக் கண்டுபிடிக்கட்டும். ஜூம் இணைப்பை ஏழு மணிக்கு ஒருமுறை, ஏழே காலுக்கு ஒருமுறை, ஏழரைக்குப் பிறகு தனித்தனியாகப் பதினான்கு பேருக்கு அனுப்பட்டும்.

மூன்றாவது மாதம் இருபதாம் தேதி, எங்கே இருக்கீங்க மேடம் என்று குழுவில் சும்மா கேட்டுப் பாருங்கள். பாதி வரைக்கும் வந்திருக்கேன் சார் என்று பதில் வரும்.